பி.எல்.சி.யும் ரோபோவும்: முதன்முறை கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு பருவ வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் ரோபாட்டிக்ஸையும் தொழிலகத் தானியக்கத்தையும் இணைத்து நடத்தும் பாடம், துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்படுவது வழக்கம். அவர் இயந்திரவியல் படித்தவராயின் மின்சுருளால் இயங்கும் சுவிட்சான ரிலேயும் கம்பி இணைப்பும் தயக்கம் தரும். மின்னியல் படித்தவராயின் காற்றழுத்தச் சிலிண்டரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார். கணினியியல் வழியாக வந்தவருக்கு இரண்டுமே புதியவை. இக்கட்டுரை அத்தகைய ஆசிரியரை எண்ணி எழுதப்படுகிறது. ஒரு வகுப்பில் 60 மாணவர்கள், செய்முறைக்கு முப்பது முப்பதாக இரு பிரிவுகள், ஏறத்தாழ 15 வாரங்கள் என்னும் அளவை இது அடிப்படையாகக் கொள்கிறது.

பல பாடத்திட்டங்கள் ரோபோவின் வரலாறு, வகைகள் என்று தொடங்கி, அணிக் கணக்குகளின் வழியே நகர்ந்து, இயந்திரங்களை நிரலால் ஆளும் தொழிலகக் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.யைக் கடைசி அலகில் ஒதுக்கிவைக்கின்றன. தேர்வுத்தாள் அமைப்பதற்கு அந்த வரிசை வசதியானது. கற்பதற்கு அது தலைகீழானது. ஓர் இயந்திரத்தைப் பாதுகாப்பாக நிறுத்தத் தெரிந்த பிறகு அதை இயக்கவும், கம்பியை இணைத்துப் பழகிய பிறகு நிரல் எழுதவும், நிரலால் இரண்டு சிலிண்டர்களை ஆளத் தெரிந்த பிறகு ரோபோவின் அருகில் செல்லவும் மாணவரைப் பழக்க வேண்டும் என்பது என் கருத்து. அலகுகளை எந்த வரிசையில் நடத்துவது என்பதில் ஆசிரியருக்குப் பொதுவாக உரிமை உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதற்படி: பருவம் தொடங்குமுன் மேசைகளை ஆயத்தப்படுத்துதல்

ஆய்வகத்துக்கு நிதி கிடைத்ததும் ஒரு பெரிய ரோபோவை வாங்கிக் கண்ணாடி அறைக்குள் நிறுத்திவிட வேண்டும் என்ற ஆவல் நிர்வாகத்துக்கு எழும். ஆய்வுக் குழுவினர் வரும்போது காட்டுவதற்கு அது அழகாக இருக்கும். ஆனால் 30 பேர் கொண்ட பிரிவில் அதைத் தொடுபவர் ஒருவர், மற்ற 29 பேரும் பார்வையாளர்கள். கையில் இருக்கும் தொகையில் முதலில் ஆறு பயிற்சி மேசைகளை அமைப்பதே நல்லது. மேசைக்கு ஐவர் என்பது தாங்கக்கூடிய உச்ச வரம்பு.

ஒவ்வொரு மேசையிலும் எட்டு உள்ளீடுகளும் ஆறு வெளியீடுகளும் உள்ள ஒரு சிறிய பி.எல்.சி., 24 வோல்ட் நேர்மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று, காளான் தலையுடைய அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று, இரண்டு விளக்குகள், இரண்டு ரிலேக்கள், அருகாமை உணரிகள் இரண்டு, தண்டின் நிலையைக் காந்தத்தால் அறியும் ரீட் சுவிட்ச் பொருத்திய, காற்றால் இரு திசையிலும் இயங்கும் இருவழிச் சிலிண்டர்கள் இரண்டு, அவற்றுக்குக் காற்றைத் திசைமாற்றி விடும், மின்சுருளால் இயங்கும் 5/2 (ஐந்து துளை, இரண்டு நிலை) சோலினாய்டு வால்வுகள், காற்றை வடிகட்டி அழுத்தத்தைச் சீராக்கும் எஃப்.ஆர்.எல். அலகு ஆகியவை இருந்தால் பருவத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். ரிலே, எஸ்.எம்.பி.எஸ்., டெர்மினல், பொத்தான் போன்ற சில்லறைப் பொருள்களை முழுத் தொகுப்பாக வாங்காமல் சென்னை ரிச்சித் தெரு போன்ற சந்தைகளில் தனித்தனியே வாங்கினால் செலவு கணிசமாகக் குறையும். வண்ணச் செருகு கம்பிகளால் இணைக்கும் பயிற்சிப் பலகைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை சுத்தமாக இருக்கும். ஆனால் கம்பியின் தோலை உரிப்பது, முனையில் ஃபெரூல் என்னும் சிறு உலோகக் குழலை அழுத்துவது, திருகை இறுக்கி இழுத்துப் பார்ப்பது, கம்பிக்கு எண் இடுவது ஆகிய நான்கையும் மாணவர் கற்காமலேயே போய்விடுவார். தொழிற்சாலையில் நேரும் பழுதுகளில் பல இந்த நான்கில் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்யாததால் வருபவை.

230 வோல்ட் மின்சாரம் மூடிய பெட்டிக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். மாணவர் தொடும் எந்த முனையிலும் 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றின் ஆபத்தை மாணவர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதால் முதல் வகுப்பிலேயே ஒரு சிறு கணக்கைத் தாருங்கள். 25 மி.மீ. உள்விட்டமுடைய சிலிண்டரை 6 பார் அழுத்தத்தில் இயக்கினால் அதன் தண்டு தள்ளும் விசை ஏறத்தாழ 295 நியூட்டன், அதாவது சுமார் 30 கிலோ எடையின் அழுத்தம். அது விரல்மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். குழாயைக் கழற்றுமுன் காற்றை மூடி, உள்ளே தங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்ற விதியை அதன்பின் யாருக்கும் இரண்டு முறை சொல்ல வேண்டியிராது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், வளையல் ஆகியவை இயங்கும் பாகங்களின் அருகே வரக் கூடாது. கல்லூரி வளாகத்தில் அடையாள அட்டையைக் கழற்றினால் அபராதம் விதிக்கும் நிறுவனங்களில், ஆய்வகத்துக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பம்புசெட் ஸ்டார்ட்டரிலிருந்து தொடங்குதல்

முதல் இரண்டு வாரங்களில் பி.எல்.சி.யைத் தொட வேண்டாம். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வகுப்பில் பாதிப்பேராவது அதன் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் அழுத்தியிருப்பார்கள். உள்ளே திறந்து பார்த்தவர் ஒருவரிருவரே இருப்பர். பச்சைப் பொத்தானை அழுத்திக் கையை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வியை முன்வையுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் சுருள் ஈர்க்கப்படும்போது அதன் துணைத் தொடுமுனையும் மூடி, பச்சைப் பொத்தானுக்கு இணையாகத் தனக்குத் தானே மின்சாரம் தந்துகொள்கிறது என்னும் விடையை அவர்கள் சுற்றைப் பார்த்தே கண்டறிய வேண்டும். பிறகு அதே சுற்றை மேசையில் 24 வோல்ட் ரிலேயால் கட்டச் சொல்லுங்கள்.

சுற்று இயங்கியதும் மேசையின் மின்சாரத்தை அணைத்து மீண்டும் போடுங்கள். விளக்கு எரியாது. மின்சாரம் போய்த் திரும்பினாலும், யாரேனும் மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை இயந்திரம் தானாகக் கிளம்பக் கூடாது என்னும் பாதுகாப்புக் கொள்கை இந்தச் சின்னஞ்சிறு சுற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இங்கே விவசாய வீட்டு மாணவர் ஒருவர் எழுந்து, எங்கள் தோட்டத்தில் கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறோமே என்பார். அவர் சொல்வது சரி. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும் ஊரில் அது தேவையும்கூட. ஆளில்லாக் கிணற்றில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வசதி, கையை உள்ளே விட்டுப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளியின் அச்சு இயந்திரத்தில் என்ன செய்யும் என்ற விவாதத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலும் தகும்.

இதே வாரத்தில் அவசர நிறுத்தப் பொத்தானையும் அறிமுகப்படுத்துங்கள். அது வெளியீடுகளுக்குச் செல்லும் மின்சாரத்தைக் கம்பி வழியாகவே துண்டிக்க வேண்டும், சாதாரண பி.எல்.சி.யின் நிரலை மட்டும் நம்பி அதை அமைக்கக் கூடாது. அழுத்தினால் அது பூட்டிக்கொள்ள வேண்டும். திருகி விடுவித்தாலும் இயந்திரம் கிளம்பாமல், மீளமைப்பு, தொடக்கம் என்று இரண்டு தனிச் செயல்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: பி.எல்.சி.

வரலாற்றை இந்த இடத்தில் சொன்னால் அது மனத்தில் தங்கும். கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே அலமாரிகளை அவிழ்த்து மறுபடி கம்பியிழுக்க வேண்டியிருந்த தொல்லையிலிருந்து விடுபட, ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968இல் ஒரு மாற்றுக் கருவியைக் கோரியது. டிக் மோர்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மோடிகான் 084 அந்தக் கோரிக்கைக்கு விடையாக வந்தது. ரிலே வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த மின்பணியாளர் இந்தப் புதிய பெட்டியையும் படிக்க வேண்டும் என்பதால்தான் ஏணிப்படி போன்ற வரிகளாக வரையும் லேடர் நிரல் ரிலே சுற்றைப் போன்ற தோற்றத்தைப் பெற்றது. சென்ற வாரம் ரிலேயைக் கட்டிய மாணவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஐ.இ.சி. 61131-3 தரநிலை பல நிரல்மொழிகளை வரையறுக்கிறது. முதல் பருவத்தில் லேடரும், பிற்பகுதியில் வாக்கியங்களாக எழுதும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டும் போதும். எந்த நிறுவனத்தின் பி.எல்.சி. என்பதைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் அளவுக்கு மீறிக் கவலைப்படுவார்கள். ஒன்றை ஆழமாகக் கற்றவர் மற்றொன்றுக்கு விரைவில் மாறிவிடுவார் என்று சொல்லி, அதை அத்துடன் விட்டுவிடலாம்.

ஸ்கேன் சுழற்சியைக் கரும்பலகையில் எழுதினால் மட்டும் போதாது. பி.எல்.சி. உள்ளீடுகளை மொத்தமாகப் படித்து, நிரலை மேலிருந்து கீழாக ஓட்டி, வெளியீடுகளை மொத்தமாக எழுதி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது என்பதை மூன்று சோதனைகளால் உணர்த்த வேண்டும்.

முதலாவது, இரட்டைச் சுருள். ஒரே வெளியீட்டை இரண்டு வரிகளில் எழுதச் சொல்லுங்கள். முதல் வரி நிறைவேறினாலும் விளக்கு எரியாது. ஏனெனில் கீழே உள்ள வரி அதை மீண்டும் அணைத்துவிடுகிறது. திரையில் முதல் வரி பச்சையாக ஒளிர, விளக்கு இருண்டு கிடப்பதைப் பார்த்து மாணவர் பி.எல்.சி. பழுது என்று முறையிடுவார். அந்தக் குழப்பத்திலேயே அவரைச் சிறிது நேரம் விட்டுவையுங்கள்.

இரண்டாவது, எண்ணுதல். கவுண்டர் கட்டளையைத் தராமல், உணரி இயங்கும்போது ஒரு நினைவிடத்துடன் ஒன்றைக் கூட்டும்படி எழுதச் சொன்னால், ஒரு பொருள் கடப்பதற்குள் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறும். உணரி இயங்கிக்கொண்டிருக்கும் நிலைக்கும், அது மாறும் கணமான விளிம்புக்கும் உள்ள வேறுபாடு அங்கே விளங்கிவிடும்.

மூன்றாவது, தவறவிடுதல். 3 மி.மீ. அகலமுள்ள தகடு விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கடந்தால், அது உணரியின் முன் நிற்பது ஏறத்தாழ 6 மில்லி விநாடிதான். ஸ்கேன் நேரம் 10 மில்லி விநாடி என்றால் பி.எல்.சி. அதைப் பார்க்காமலேயே விட்டுவிடக்கூடும். அதிவேகக் கவுண்டர் என்ற தனி உள்ளீடு எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

இனி, இப்பாடத்திலேயே மிகுதியான மாணவர்கள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. நிறுத்தப் பொத்தானை எப்போதும் என்.சி. எனப்படும், இயல்பில் மூடிய தொடுமுனையாகவே இணைக்க வேண்டும்; கம்பி அறுந்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பதே காரணம். களத்தில் மூடிய தொடுமுனை என்பதால் லேடரிலும் மூடிய தொடுமுனைக் குறியையே மாணவர் வரைவார். மோட்டார் ஒருபோதும் கிளம்பாது. லேடரில் உள்ள குறி பொத்தானின் படம் அன்று; நினைவிடத்தில் 1 இருக்கிறதா, 0 இருக்கிறதா என்று கேட்கும் கேள்வி. பொத்தானை அழுத்தாதபோது உள்ளீட்டில் 1 இருக்கிறது. ஆகவே 1 இருந்தால் வழிவிடும் திறந்த தொடுமுனைக் குறியைத்தான் போட வேண்டும். இதை விளக்கும்போது உள்ளீட்டு எல்.இ.டி.யையும் திரையையும் பொத்தானையும் ஒரே நேரத்தில் பார்க்கச் செய்யுங்கள். பிறகு பொத்தானின் கம்பியை உருவிவிட்டு மோட்டார் நிற்பதைக் காட்டுங்கள். இயல்பில் திறந்த என்.ஓ. முனையில் இணைத்து, அதற்கேற்ப நிரலை மாற்றி, மறுபடி கம்பியை உருவிப் பாருங்கள். இம்முறை சிவப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. பார்த்தவர் மறக்கமாட்டார்.

உணரிகளைப் பற்றி

இதற்கு ஒரு வாரம் போதும். மூன்று கம்பி உணரியில் பழுப்பு நேர்முனை, நீலம் 0 வோல்ட், கறுப்பு வெளியீடு. பி.என்.பி. வகை உள்ளீட்டுக்கு 24 வோல்ட்டைத் தருகிறது, என்.பி.என். வகை உள்ளீட்டை 0 வோல்ட்டுக்கு இழுக்கிறது. பி.எல்.சி. உள்ளீட்டின் பொதுமுனையை முதல் வகைக்கு 0 வோல்ட்டிலும், இரண்டாவதற்கு 24 வோல்ட்டிலும் இணைக்க வேண்டும். இரு வகைகளையும் கலந்து கொடுத்துவிட்டு, உணரியின் விளக்கு எரிந்தும் பி.எல்.சி.யின் விளக்கு ஏன் எரியவில்லை என்று கேளுங்கள். தொடர் அளவீட்டுக்கு, 4 அளவின் தொடக்கத்தையும் 20 அதன் உச்சத்தையும் குறிக்கும் 4–20 மில்லி ஆம்பியர் ஒன்றைச் சொன்னால் போதும்: 0 முதல் 10 பார் வரை அளக்கும் கருவி 12 மில்லி ஆம்பியர் தந்தால் அழுத்தம் 5 பார், 0 மில்லி ஆம்பியர் வந்தால் அழுத்தம் இல்லை என்று பொருளில்லை, கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள்.

நான்காம் படி: இரண்டு சிலிண்டர்கள்

இந்தப் பருவத்தின் நடுத்தூண் இதுதான். மூன்று வாரங்களைத் தயங்காமல் ஒதுக்குங்கள். முதல் சிலிண்டர் பொருளைப் பற்றிப் பிடிக்கிறது, இரண்டாவது முத்திரை குத்துகிறது, இரண்டாவது பின்வாங்குகிறது, முதலாவது விடுவிக்கிறது. நான்கே அசைவுகள். இந்த வரிசையை மாணவர் முதலில் தமிழில் நான்கு வாக்கியங்களாக எழுதட்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் எது முடிந்ததும் எது தொடங்குகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

பெரும்பாலோர் உணரிகளின் நிலையை மட்டும் பார்த்து நிரல் எழுதத் தொடங்குவார்கள். முதல் சிலிண்டர் முன்னே, இரண்டாவது பின்னே என்றால் இரண்டாவதை முன்னே தள்ளு என்று எழுதுவார்கள். முத்திரை குத்திவிட்டு இரண்டாவது பின்வாங்கியதும் உணரிகள் காட்டும் நிலை என்ன? முதலாவது முன்னே, இரண்டாவது பின்னே. முன்பிருந்த அதே நிலை. ஆனால் இப்போது செய்ய வேண்டியது முதலாவதை விடுவிப்பது. ஒரே உணரி நிலைக்கு இரண்டு வெவ்வேறு செயல்கள் தேவைப்படுவதால், உணரிகளை மட்டும் நம்பிய நிரல் முத்திரையைக் குத்திக்கொண்டே இருக்கும். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து இங்கேதான் பிறக்கிறது; இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதன் சுவை கெட்டுவிடும். மேசை டக் டக் என்று ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லுங்கள்.

அதன்பின் முறையைக் கற்பியுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நினைவுத் துண்டு. முந்தைய படி செயலில் இருந்து, அதன் முடிவு நிபந்தனையும் நிறைவேறினால் அடுத்த படி ஏற்றப்பட்டு முந்தையது இறக்கப்படும். வெளியீடுகள் அனைத்தும் நிரலின் இறுதியில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு வரியில் எழுதப்படும். பிரான்சில் 1970களில் உருவான கிராஃப்செட் என்னும் வரைமுறை இதே சிந்தனையைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் காட்டுகிறது, படிவரிசையை வரைபடமாக எழுதும் இன்றைய எஸ்.எஃப்.சி. மொழி அதன் வழிவந்தது. தாளில் கிராஃப்செட் வரையாத குழுவுக்கு மேசையில் காற்றைத் திறக்க அனுமதி இல்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், திரையின் முன் அமர்ந்து ஊகத்தில் வரிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் ஒழியும்.

வரிசை சீராக ஓடியதும் வேலை முடிந்ததாக மாணவர்கள் கருதுவார்கள். உங்கள் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. நடுவில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒற்றைச் சோலினாய்டு வால்வு ஸ்பிரிங் விசையால் பழைய நிலைக்குத் திரும்பும். இரட்டைச் சோலினாய்டு வால்வு கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். பொருளைப் பற்றிக்கொண்டிருக்கும் சிலிண்டருக்கு எது பொருத்தம்? துளையிட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், பிடி தளர்ந்தால், சுழலும் துளைப்பானுடன் பொருளும் சுழலும். ஒரு வால்வைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு மனிதரின் கைக்கும் உள்ள தொடர்பை இந்தக் கேள்வி காட்டிவிடும். அடுத்து, ரீட் சுவிட்ச் ஒன்றைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி வையுங்கள். வரிசை நடுவில் உறைந்து நிற்கும். குறித்த நேரத்துக்குள் சிலிண்டர் போய்ச் சேராவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்று ஒரு டைமரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தானியங்கிப் பயன்முறை, கைமுறைப் பயன்முறை, தொடக்க நிலைக்குத் திரும்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்தபின் நிரலின் நீளம் இரு மடங்குக்கு மேலாகிவிடும். உண்மையான தொழிற்சாலை நிரலும் அவ்வாறே, இயல்பான ஓட்டத்தைவிட இயல்பு குலைந்த நிலைகளுக்காகவே நீண்டிருக்கிறது.

உருவகப்படுத்தும் மென்பொருள்களை எங்கே வைப்பது

கோடெசிஸ், ஓபன்பி.எல்.சி., காப்பேலியாசிம், வெபாட்ஸ் போன்றவை வீட்டுப்பாடத்துக்கும் முன்தயாரிப்புக்கும் மிகவும் உதவுகின்றன. ஓபன்பி.எல்.சி.யும் வெபாட்ஸும் திறமூல மென்பொருள்கள். மாணவர் தம் மடிக்கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் திரையில் கம்பி தளர்வதில்லை, காற்று கசிவதில்லை, சிலிண்டர் சிக்குவதில்லை. திரையில் ஓடியதற்குப் பாதி மதிப்பெண், மேசையில் ஓடியதற்கு மறுபாதி என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ரோபோ

ஒன்பதாம் வாரம் அளவில் ரோபோவுக்கு வரலாம். கணக்கைத் தவிர்க்க முடியாது; ஆனால் கையின் மூட்டுகளையும் துண்டுகளையும் எண்களால் விவரிக்கும், ஆறு அச்சுகளின் டெனாவிட்–ஹார்ட்டன்பர்க் அட்டவணையோடு தொடங்கினால் வகுப்பில் பாதி அன்றே நின்றுவிடும். இரண்டு கணுக்கள் கொண்ட தளக் கையை அட்டையில் வெட்டிச் செய்யச் சொல்லுங்கள்: முதல் துண்டு 300 மி.மீ., இரண்டாவது 200 மி.மீ. இந்தக் கை 500 மி.மீ.க்கு அப்பாலும், 100 மி.மீ.க்கு உள்ளும் எட்டாது என்பதை வரைபடத் தாளில் அவர்களே கண்டறிவார்கள். தோள் மூட்டிலிருந்து நேர்க்கிடையாக 400 மி.மீ. தொலைவில் உள்ள புள்ளியைத் தொட வேண்டுமானால், கொசைன் விதிப்படி இரண்டாம் கோணத்தின் கொசைன் 0.25 என்று வரும். கோணம் ஏறத்தாழ 75.5 பாகை. முழங்கை மேலே மடங்கினாலும் கீழே மடங்கினாலும் அதே புள்ளியைத் தொடலாம் என்பதால் விடைகள் இரண்டு. அவற்றுக்கேற்ப முதற்கோணம் கூட்டலாகவோ கழித்தலாகவோ 29 பாகை அளவில் அமையும். கணக்கில் வந்த விடையை அட்டைக் கையில் கோணமானி வைத்துச் சரிபார்க்கட்டும். கை முழுவதும் நீண்டு நேராகும்போது இரண்டு விடைகளும் ஒன்றாகிவிடுவதையும், அந்த நிலையில் மேலும் வெளிநோக்கி நகரவே முடியாததையும் காட்டினால், சிங்குலாரிட்டி என்னும் கருத்துக்கு அடித்தளம் கிடைத்துவிடும். அணிப் பெருக்கங்கள் இதன் பிறகு வரட்டும்.

ரோபோவைத் தொடுவதற்குமுன் பாதுகாப்பு. கற்பிக்கும் பயன்முறையில் கருவி முனையின் வேகம் விநாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 10218 தரநிலையின் வரம்பு. ரோபோவைக் கையால் நகர்த்திக் கற்பிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான டீச் பெண்டன்ட்டில் உள்ள இயக்க அனுமதிப் பொத்தானுக்கு மூன்று நிலைகள் உண்டு: விட்டால் நிற்கும், நடுவில் பிடித்தால் இயங்கும், பயந்து இறுக்கினாலும் நிற்கும். அதிர்ச்சியில் மனிதர் சில நேரம் கையை விடுவார், சில நேரம் இறுக்குவார் என்பதால் அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். வேலிக்குள் இருப்பவரின் கையில்தான் பெண்டன்ட் இருக்க வேண்டும். வெளியே நிற்பவர் அதை இயக்கக் கூடாது.

முதல் பயிற்சி, கருவி முனையை வரையறுத்தல். நிலையான ஊசி முனை ஒன்றை நான்கு வெவ்வேறு சாய்வுகளில் தொடச் செய்தால் ரோபோ தன் கருவி முனையைக் கணக்கிட்டுக்கொள்ளும். இரண்டாவது, மூட்டு வழி அசைவுக்கும் நேர்கோட்டு அசைவுக்கும் உள்ள வேறுபாடு. பேனா பொருத்திக் காகிதத்தில் கோடு போடச் சொன்னால் போதும். மூன்றாவது பயிற்சியே எனக்கு மிகவும் பிடித்தது. சாய்வான பலகை ஒன்றில் பன்னிரண்டு குழிகளில் பந்துகளை வைக்கும் நிரலை இரு குழுக்கள் எழுதட்டும். ஒரு குழு ரோபோவின் அடியை ஆதியாகக் கொண்டு இடங்களை அளக்கும் அடிச்சட்டத்திலும், மற்றது பலகையை ஆதியாகக் கொண்டு வரையறுத்த பயனர் சட்டத்திலும் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பலகையைச் சற்றுத் திருப்பி நகர்த்திவிடுங்கள். இரண்டாம் குழு மூன்று புள்ளிகளை மீண்டும் தொட்டு ஐந்து நிமிடங்களில் முடித்துவிடும். முதற்குழு பன்னிரண்டையும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கும். ஆயச் சட்டம் எதற்கு என்ற கேள்வியை அதற்குப் பின் யாரும் எழுப்பமாட்டார்கள்.

அளவியல் ஆய்வகத்திலிருந்து நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்தத் தாங்கியுடன் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். ரோபோவை ஒரே புள்ளிக்கு 30 முறை அனுப்பி ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்தால், ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் வரும் மீள்திறன் என்பது என்ன, சொன்ன இடத்துக்கே சரியாக வரும் துல்லியம் என்பது என்ன, விற்பனைக் குறிப்பேட்டில் நிறுவனங்கள் முதலாவதை மட்டும் பெரிதாக அச்சிடுவது ஏன் என்பவை விளங்கும். ரோபோ வாங்க இயலாத கல்லூரிகள் பொம்மைச் சர்வோ மோட்டார்களால் செய்த சிறிய கைகளைக் கொண்டு கணக்குப் பகுதியை நடத்தலாம். இந்த அளவீட்டை மட்டும் அவற்றில் செய்ய முயலாதீர்கள்.

ஆறாம் படி: இரண்டையும் பேசவைத்தல்

தொழிற்சாலையில் ரோபோ தனியாக நிற்பதில்லை; கன்வேயர், பிடிமானம், உணரி, வேலிக்கதவு ஆகியவற்றுக்கிடையே ஓர் உறுப்பாக நிற்கிறது. 1961இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நிறுவப்பட்ட யூனிமேட்டும் வார்ப்பு இயந்திரத்துக்கு ஏவல் செய்யவே வந்தது. பி.எல்.சி.யும் ரோபோவும் கைகொடுத்துக்கொள்ளும் முறையை மாணவர் தாமே வடிவமைக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தொடங்கு, முடிந்தது என்று இரண்டு சைகைகளோடு நிறுத்திவிடும். ரோபோ ஒரு சுற்றை முடித்துத் திரும்பும்போது தொடங்கு சைகை இன்னும் நிற்பதால், பொருளே இல்லாத இடத்தில் அது மறுபடி எடுக்கப் போகும். பி.எல்.சி. கேட்க, ரோபோ ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல, பி.எல்.சி. கேட்டதை விலக்க, ரோபோ தன் ஏற்பை விலக்க என்று நான்கு கட்டங்களாக அதை அமைத்தால் இச்சிக்கல் தீரும். இதனோடு, ரோபோ பணியிடத்துக்குள் இருக்கிறது என்னும் சைகை நிற்கும்வரை பிடிமானச் சிலிண்டர் அசையக் கூடாது என்ற தடையையும் சேர்க்கச் சொல்லுங்கள். மோட்பஸ், புரோஃபிநெட் போன்ற வலைப்பின்னல்கள் வழியாக இதைச் செய்வது பிறகு ஆகட்டும்; முதலில் கம்பி, ரிலே, எல்.இ.டி. விளக்கு என்று கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள்.

தொழிற்சாலைப் பார்வை

மாணவர்கள் ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்று அழைக்கும் இப்பயணம் பெரும்பாலும் பேருந்துப் பாட்டோடும் குழுப் படத்தோடும் முடிந்துவிடுகிறது. திருப்பெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரங்களின் வாகன ஆலைகளுக்கு அனுமதி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அருகில் உள்ள பால் பொட்டலமிடும் ஆலையே போதும். ஐவருக்கு ஒரு நிலையம் என்று பிரித்துக்கொடுத்து, அந்நிலையத்தின் உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் பட்டியலிட்டு, கிராஃப்செட் வரைந்து, அவசர நிறுத்தப் பொத்தான்கள் எங்கெங்கே உள்ளன என்று குறித்து வரச் சொல்லுங்கள். உறைக்கான அச்சிட்ட சுருளில் உள்ள சிறு கட்டத்தை ஒளி உணரி பார்த்து வெட்டும் இடத்தை முடிவுசெய்வதைக் கண்டுபிடித்து வரும் குழுவுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

ஏழாம் படி: மதிப்பீடு

இறுதிச் செய்முறைத் தேர்வில் புதிய நிரலை எழுதச் சொல்வதைவிட, பழுதான மேசையைக் கொடுப்பது சிறந்தது. தேர்வுக்கு முன் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பழுதுகளை வையுங்கள். உணரியின் நீலக் கம்பியைத் தளர்த்தலாம், வேகக் கட்டுப்பாட்டு வால்வை முழுவதும் மூடலாம், ரீட் சுவிட்சை நகர்த்தலாம், நிரலின் கடைசியில் ஓர் இரட்டைச் சுருளை ஒளித்துவைக்கலாம், எஃப்.ஆர்.எல். அலகின் அழுத்தத்தை 1 பாருக்கு இறக்கலாம். அவகாசம் 20 நிமிடங்கள். பழுதைக் கண்டுபிடித்ததற்குப் பாதி மதிப்பெண்ணும், தேடிய முறைக்கு மறுபாதியும் தாருங்கள். பி.எல்.சி.யின் உள்ளீட்டு விளக்கை முதலில் பார்க்கும் மாணவர், பழுது களத்தில் உள்ளதா நிரலில் உள்ளதா என்பதை ஒரே பார்வையில் பிரித்துவிடுகிறார். மடிக்கணினியைத் திறந்து நிரலைத் திருத்தத் தொடங்குபவர் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவார். தேடும் ஒழுங்கை மாணவர் சிறு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே போக வேண்டும், அதுவே விடைத்தாள்.

குழுவில் ஒருவர் எப்போதும் நிரலையும் மற்றொருவர் எப்போதும் பதிவேட்டையும் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தடுங்கள். கம்பி, நிரல், பதிவு, சோதனை என்னும் பொறுப்புகள் வாரந்தோறும் மாற வேண்டும். குறிப்பாக, கலந்துள்ள குழுக்களில் மாணவிகளிடம் பதிவேட்டைத் தள்ளிவிட்டு மாணவர்கள் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொள்வது நம் ஆய்வகங்களில் சாதாரணம். சுழற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டினால் இது நிற்கும்.

காட்சிவழி உணர்தல், நகரும் ரோபோ, ரோபோக்களுக்கான மென்பொருள் தொகுப்பான ஆர்.ஓ.எஸ். 2 ஆகியவற்றை இந்தப் பருவத்தில் புகுத்த வேண்டாம். அவை லினக்ஸும் பைத்தானும் அறிந்த மாணவருக்கான விருப்பப்பாடமாக அடுத்த ஆண்டு வரட்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் இ-யந்திரா ரோபோப் போட்டியும், ஐ.ஐ.டி.கள் முதலிய நிறுவனங்கள் இணையவழி நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளி வகுப்புகளும் ஆர்வமுள்ளவர்களுக்கு வழி திறந்தே வைத்திருக்கின்றன. கடைசி வாரத்தில் ஒவ்வொரு குழுவும் தன் மேசையின் கம்பி எண்களைச் சரிபார்த்து, மின்சுற்று வரைபடத்தைத் திருத்தி, நிரலின் இறுதி வடிவத்தைத் தேதியிட்டுச் சேமித்து, பருவத்தில் நேர்ந்த உண்மையான பழுதுகளை ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகட்டும். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கான பழுதுகளை நீங்கள் அந்தக் குறிப்பேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.